உடன்படிக்கையும் கடிதங்களும்: எமது புவிசார் அரசியல் எழுத்துக்கள் பற்றி

திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்ற வாக்கியம் எம்மவர் எழுதும் அரசியல் கட்டுரைகளில் எங்காவது ஓரிடத்தில் வந்தே தீரும். பெரும்பாலும் இரண்டாவது பந்தியில் வரும். அதிலிருந்து மற்றவை ஒவ்வொன்றாகப் பிறக்கும். இந்தியா அதை விட்டுக்கொடுக்காது. அமெரிக்கா அதில் கண் வைத்திருக்கிறது. சீனா தெற்கில் காலூன்றிவிட்டது. ஆகவே இன்றில்லாவிட்டால் நாளை யாரோ ஒருவருக்கு நாம் தேவைப்படுவோம். லாச்சப்பலில் புத்தகக்கடை வாசலிலும் கோப்பிக்கடையிலும் நாற்பது வருடங்களாக நடந்துவரும் விவாதத்தின் எலும்புக்கூடு இதுதான். வல்லரசுகளின் பெயர்கள் மாறியிருக்கின்றன. "ஆகவே" மட்டும் மாறவில்லை.

இந்த வகை எழுத்தின் தகவல்கள் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. துறைமுகம் ஆழமானதுதான். 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் அங்கு குண்டு போட்டதும், 1957 வரை பிரித்தானியக் கடற்படை அங்கிருந்ததும் காரணமில்லாமல் அல்ல. எனது விமர்சனம் அந்த "ஆகவே" பற்றியது. அதைப் பேசுவதற்கு, நாம் எல்லோரும் பெயர் சொல்லிப் பேசுகிற ஆனால் மிகச் சிலரே முழுதாக வாசித்திருக்கிற ஒரு ஆவணத்துக்குத் திரும்பிப் போகவேண்டியிருக்கிறது.

1987 யூலை 29ஆம் திகதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் ஒப்பமிட்ட இலங்கை - இந்திய உடன்படிக்கை உண்மையில் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளாலானது. இனப்பிரச்சினை பற்றிய உடன்படிக்கை ஒன்று. அதற்கு ஒரு பின்னிணைப்பு. அதே நாளில் இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் வேறு. இவற்றில் எதிலும் தமிழர் எவருடைய ஒப்பமும் இல்லை என்பதை நாம் அடிக்கடி சொல்லியிருக்கிறோம். இரண்டு பிரதிகளும் எந்த மொழியில் பேசுகின்றன என்பதை அவ்வளவாகப் பார்க்கவில்லை.

உடன்படிக்கை எம்மைப் பற்றிப் பேசும் இடங்களில் வாக்கியங்கள் நீண்டு வளைகின்றன. வடக்கும் கிழக்கும் இணையும், ஆனால் இடைக்காலமாக. கிழக்கில் 1988 டிசெம்பர் 31க்கு முன்னர் சர்வசன வாக்கெடுப்பு நடக்கும், ஆனால் ஜனாதிபதி தன் விருப்பின்படி அதை ஒத்திவைக்கலாம். கடிதத்துக்குப் போனால் மொழி நேராகிவிடுகிறது. திருகோணமலையோ வேறெந்தத் துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டினதும் இராணுவப் பாவனைக்குக் கொடுக்கப்படமாட்டாது. திருகோணமலை எண்ணெய்க் குதங்களைத் திருத்தி இயக்கும் வேலை இரு நாடுகளின் கூட்டு முயற்சியாக நடக்கும். வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களுடன் செய்த ஒப்பந்தம் மீள்பரிசீலனை செய்யப்படும். வெளிநாட்டு இராணுவ, உளவு ஆட்களின் தேவை பற்றி விரைவில் ஓர் இணக்கத்துக்கு வருவோம். பதிலாக இந்தியா தருவது என்ன? தன் மண்ணில் பயங்கரவாதத்தில் ஈடுபடும் அல்லது பிரிவினையை ஆதரித்து வாதிடும் இலங்கைப் பிரசைகளை நாடுகடத்தும். இலங்கைப் படைகளுக்குப் பயிற்சியும் தளபாடமும் கொடுக்கும்.

"வாதிடும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆயுதம் ஏந்தியவரும் கட்டுரை எழுதியவரும் இங்கு ஒரே வாக்கியத்துக்குள் வருகிறார்கள். அகதிகளாகிய நாம் முதலில் வாசித்திருக்கவேண்டிய வரி அது.

இன்னொரு பிரிவும் உண்டு. தமிழ்நாட்டிலுள்ள இலங்கை அகதிகள் திருப்பியனுப்பப்படும் அதே வேளையில், இலங்கையில் வசிக்கும் இந்தியப் பிரசைகளை இந்தியாவுக்கு அழைத்துக்கொள்ளும் வேலையும் துரிதப்படுத்தப்படும் என்கிறது உடன்படிக்கை. அந்த "இந்தியப் பிரசைகள்" யார்? 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம், மூன்று இலட்சம் என்று தலை எண்ணிப் பங்குபோடப்பட்ட மலையகத் தொழிலாளர்களின் எஞ்சியவர்கள். ஒரு கப்பலில் அகதி வருவான், மறு கப்பலில் தோட்டத் தொழிலாளி போவான். எமது புவிசார் அரசியல் கட்டுரைகளில் இந்தப் பிரிவை மேற்கோள் காட்டியவரை நான் கண்டதில்லை. மலையகத்தில் துறைமுகம் இல்லை.

நாம் மேற்கோள் காட்டும் பிரிவையும் பாதியாகவே காட்டுகிறோம். வடக்கு கிழக்கு மாகாணங்கள் தமிழ்பேசும் மக்களின் வரலாற்று ரீதியான வாழ்விடங்கள் என்று உடன்படிக்கை ஏற்றுக்கொண்டது பெரிய வெற்றியாகச் சொல்லப்பட்டது. அந்த வாக்கியம் அங்கு முடியவில்லை. அவர்கள் இதுவரை காலமும் ஏனைய இனக்குழுக்களுடன் அப்பிரதேசத்தில் சேர்ந்து வாழ்ந்து வந்தவர்கள் என்று தொடர்கிறது. மேடைகளில் முன்பாதி மட்டும் ஒலித்தது. கிழக்கில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரான முஸ்லிம்களிடம் இணைப்புப் பற்றி எவரும் கேட்கவில்லை. தில்லியும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. மூன்று வருடம் கழித்து, 1990 ஒக்டோபரில், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் முழுதாக விரட்டப்பட்டபோது அந்தப் பின்பாதியை எமது கைகளே அழித்தன. வல்லரசு எதுவும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

இனி இரு பிரதிகளும் எப்படி வாழ்ந்தன என்று பார்ப்போம். இணைப்பு 2006 ஒக்டோபரில் உயர்நீதிமன்றத் தீர்ப்புடன் முடிந்தது. சர்வசன வாக்கெடுப்பு ஒருநாளும் நடக்கவில்லை. 13ஆவது திருத்தத்தின் கீழ் வந்த மாகாண சபைகளில் காணி, பொலிஸ் அதிகாரங்கள் காகிதத்தில் இருந்தன. வட மாகாணத்துக்கென்று தனியாக ஒரு சபை தெரிவாக 2013 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அதன் காலம் 2018இல் முடிந்தது. கடிதங்களின் கதை வேறு. அவையும் முழுதாக நிறைவேறின என்று சொல்ல முடியாது. 'அமெரிக்காவின் குரல்' நிலையம் 1990களில் இரணவிலவில் எழும்பியது; அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 வருடக் குத்தகைக்குச் சீனக் கம்பனிக்குப் போனது. ஆனால் கடிதத்தின் விடயங்கள் ஒருபோதும் மேசையிலிருந்து விழவில்லை. 2003இல் எண்ணெய்க் குதங்களுக்குள் இந்தியன் ஒயில் நிறுவனம் வந்தது. 2022 சனவரியில், இலங்கை பொருளாதார நெருக்கடியில் மூழ்கிக்கொண்டிருந்த வேளையில், 99 குதங்களும் பங்கிடப்பட்டன: இந்திய நிறுவனத்துக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் சேர்ந்த கம்பனிக்கு 61. 2025 ஏப்ரலில் மோடி கொழும்பு வந்தபோது பாதுகாப்பு ஒத்துழைப்புக்கும், ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்துத் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கும் ஒப்பமிடப்பட்டது. 13ஆவது திருத்தத்தை நடைமுறைப்படுத்துங்கள் என்பது இத்தகைய சந்திப்புக்களின் இறுதியில் வழக்கமாக ஓதப்படும் வரி. அந்த ஏப்ரலில் வடக்கிலோ கிழக்கிலோ நடைமுறைப்படுத்துவதற்குத் தெரிவுசெய்யப்பட்ட ஒரு சபையே இருக்கவில்லை.

இது எமக்கு மட்டும் நேர்ந்த விதி அல்ல. லாச்சப்பலிலிருந்து போபூர் சென்தெனி வீதியால் தெற்கே இறங்கினால் குர்திஷ் மக்களின் கடைகள் தொடங்கும். 1983இல் தொடங்கிய அவர்களது கல்வி ஆய்வு நிறுவனம் லாபாயெத் வீதியில் இருக்கிறது. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் அவர்களுடன் நாம் பேசியது மிகக் குறைவு. பேசியிருந்தால் 1975 மார்ச் 6 பற்றிக் கேட்டிருப்போம். ஈரானும் ஈராக்கும் அல்ஜியர்ஸில் சத்-அல்-அரபு நீர்ப்பாதை எல்லை பற்றி உடன்பட்டன. ஈரான் தன் உதவியை நிறுத்தியது. முல்லா முஸ்தபா பர்சானியின் போராட்டம் சில வாரங்களில் சரிந்தது. ஓர் ஆற்றின் நடுக்கோடு எங்கே போகிறது என்பதில் ஒரு மக்கள் கூட்டத்தின் தலைவிதி தீர்ந்தது. எமக்குத் துறைமுகம், அவர்களுக்கு ஆறு.

மறுபக்க உதாரணமும் ஆசியாவில்தான் இருக்கிறது. ஆச்சே, மலாக்கா நீரிணையின் வாசலில் நிற்கும் நிலம். கேந்திர முக்கியத்துவம் என்று பார்த்தால் திருகோணமலைக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல. 2005 ஒகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியில் இந்தோனேசிய அரசும் ஆச்சே விடுதலை இயக்கமும் ஒப்பமிட்ட பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சுவீடனில் அகதிகளாக இருந்த தலைவர்களே மேசைக்கு வந்து ஒப்பமிட்டார்கள். பேசப்பட்ட விடயங்கள்: பிரதேசக் கட்சிகளுக்கு அனுமதி, எண்ணெய் எரிவாயு முதலிய வளங்களின் வருமானத்தில் 70 வீதம், கைதிகளின் விடுதலை, படைகளின் வெளியேற்றம். அதாவது, யார் எப்படி ஆளுவது என்பது. சுனாமி கொடுத்த நெருக்குதல் அதற்குப் பின்னால் இருந்தது. அதே சுனாமி எமக்கும் வந்தது, எம்மிடம் ஒரு நிவாரணப் பொதுக்கட்டமைப்புக்கூட மிஞ்சவில்லை. ஆச்சேயை நான் புனிதப்படுத்தவில்லை. அங்கு கிடைத்த சுயாட்சியின் பெயரால் பெண்கள் பகிரங்கமாகப் பிரம்படி வாங்குகிறார்கள். ஆனால் அது பற்றி ஆச்சேக்காரர் தமக்குள் சண்டை பிடிக்க ஒரு சபை இருக்கிறது.

நாம் ஏன் ஆட்சியமைப்புப் பற்றி இவ்வளவு குறைவாகவும் கப்பற்பாதை பற்றி இவ்வளவு கூடுதலாகவும் எழுதினோம்? ஒரு காரணம் மனிதாபிமானத்தோடு பார்க்கப்படவேண்டியது. இரவு முழுவதும் உணவகத்தின் பின்புறத்தில் கோப்பை கழுவி, காலையில் பிரிபெக்ச்சர் வரிசையில் கால்கடுக்க நிற்பவனுக்கு, பின்னேரம் கோப்பிக்கடையில் ஏழாவது கடற்படையை இந்து சமுத்திரத்தில் நகர்த்துவது ஒரு மரியாதையைத் திருப்பித் தருகிறது. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

மற்றக் காரணம் அவ்வளவு இலேசானதல்ல. வல்லரசுகளைப் பற்றிப் பேசுவது பாதுகாப்பானதாக இருந்தது. இந்தியா துரோகம் செய்தது என்று எழுதியதற்காக இந்த நகரத்தில் யாரும் சுடப்படவில்லை. எமக்குள் யார் யாரை ஆளுகிறார்கள் என்று கேட்பது வேறு. 1994 மே 1ஆம் திகதி சபாலிங்கம் பாரிஸில் தன் வீட்டில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு ஐந்து வருடம் முன், 1989 செப்டெம்பர் 21இல், ராஜினி திராணகம யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்டார். அவர் தன் பல்கலைக்கழகச் சகாக்கள் மூவருடன் எழுதிய 'முறிந்த பனை' அதே 1987ஐத்தான் பார்க்கிறது. இந்திய இராணுவத்தின் வன்முறையை எமது கட்டுரையாளர்கள் பலரைவிடத் துல்லியமாக, பெண்களின் வாக்குமூலங்களினூடாக அது சொல்கிறது. அதே கையோடு இயக்கங்களையும் கேட்கிறது. வரைபடத்திலிருந்து தொடங்காமல் வீடுகளிலிருந்து தொடங்குவதால் இரண்டும் அதற்குச் சாத்தியமாயிற்று. எமது புவிசார் அரசியல் எழுத்தில் எஞ்சியது, அந்த இரண்டாவது கேள்வி கவனமாக வெட்டியெடுக்கப்பட்ட பிரதி.

சூத்திரத்தின் சொந்தக் கணக்கும் சரிவரவில்லை என்பதற்கு 2009ஐப் பார்க்கலாம். இந்தியாவும் சீனாவும் இந்து சமுத்திரத்தில் மோதுகின்றன, அந்த இடைவெளியில் எமக்கு இடமுண்டு என்று வன்னியில் கடைசி வாரங்கள் வரை எழுதப்பட்டது. அந்த மே 27இல் ஐ.நா. மனித உரிமைகள் சபையின் விசேட அமர்வில் இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானம் 29க்கு 12 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேறியது. ஆதரித்தவர்களில் இந்தியா, சீனா, பாகிஸ்தான், ரஷ்யா, கியூபா எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். அரசுகளுக்கிடையிலான பகையைவிட, தம் எல்லைக்குள் நடப்பதை வெளியார் கேட்கக்கூடாது என்ற உடன்பாடு ஆசியாவில் ஆழமானது. இதற்குப் பிறகும் அதே கட்டுரைகள் சீனாவின் இடத்தில் அம்பாந்தோட்டையைப் போட்டுத் தொடர்ந்தன. ஒரு கருத்துநிலை தன் தோல்வியிலிருந்து எதுவும் கற்காதபோது அதை ஆய்வு என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. தனது கோரிக்கையை இருப்பிடத்தின் பெறுமதியில் வைக்கிற ஒரு கூட்டத்துடன் பேரம் பேசவேண்டிய தேவை எவருக்கும் இல்லை. இடத்தை வைத்திருப்பவனோடு பேசினால் போதும்.

சம்பூரை எடுத்துக்கொள்வோம். மூதூருக்குக் கிழக்கே, கொட்டியாரக் குடாவின் தென்கரையில் உள்ள ஊர். திருகோணமலைத் துறைமுகம் பற்றிய எல்லாக் கட்டுரைகளிலும் ஆட்லறி வீச்செல்லைக்குள் உள்ள ஒரு புள்ளியாக அது வந்திருக்கிறது. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சு தொடங்கியது. செப்டெம்பரில் இராணுவம் ஊரைப் பிடித்தது. சனங்கள் முதலில் மட்டக்களப்புப் பக்கம் ஓடி, பிறகு கிளிவெட்டி முதலிய முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். காணி உயர்பாதுகாப்பு வலயமாகியது, பிறகு முதலீட்டு வலயமாகியது. 2011இல் இந்திய அரசின் அனல்மின் நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் அங்கு 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்ட உடன்பட்டன. கொழும்பும் தில்லியும் கடிதங்களின் மொழியில் பேசிக்கொண்டிருந்தன. எமது கட்டுரையாளர்கள், இந்தியா திருகோணமலையில் காலூன்றுவது தமிழருக்குச் சாதகமா பாதகமா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். தமது கிணறும் தென்னையும் எங்கே என்று கேட்டது முகாமிலிருந்த சம்பூர்ச் சனங்கள்தான். அவர்கள் மனுக் கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், வழக்குக்குப் போனார்கள். 2015இல் ஆட்சி மாறிய பிறகு 818 ஏக்கரை ஒதுக்கிய வர்த்தமானி அறிவித்தல் இரத்தானது; 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த நிலமும் விடப்பட்டது; அந்த வருடமே நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது.

2025 ஏப்ரலில், மேலே சொன்ன அதே விஜயத்தின்போது, சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கான தொடக்க நிகழ்வு நடந்தது. மோடியும் அநுர குமார திசாநாயக்கவும் அதைக் கொழும்பிலிருந்தபடி திரையில் ஆரம்பித்துவைத்தார்கள்.