கல்லுக்கு நூற்றுக்கு இரண்டு

நகரசபை கலைக்குப் பணம் கொடுப்பது நன்றா என்று வினவினால் நம்மிற் பலர் தயக்கமின்றி நன்றே என்பர். யாருடைய கலைக்கு, எவருடைய தீர்ப்பின்படி, எத்தனை நாளைக்கு என்று மேலும் வினவுவோர் சிலரே. இவ்வினாக்களை வெறுங் கோட்பாடாக எழுப்புவதிலும் பார்க்க ஒரு நகரத்தின் அநுபவத்தை வைத்து ஆராய்தல் பயன் தரும். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சன் பிரான்சிஸ்கோ நகரம் அதற்கு ஏற்றது. செல்வமும் வறுமையும், துறைமுகத் தொழிலாளரும் வங்கி முதலாளிகளும் நெருங்கி வாழ்ந்த நகரம் அது. கலை ஆணைக்குழு ஒன்றை 1932 ஆம் ஆண்டிலேயே தன் நகரச் சாசனத்தின் மூலம் அமைத்துக்கொண்ட நகரமும் அதுவே.

அவ்வாணைக்குழுவின் தொடக்க காலச் சிந்தனை மேட்டுக்குடிச் சிந்தனையே. பொதுக் கட்டிடங்களின் வடிவத்துக்கு அங்கீகாரம் அளித்தலும் சிலைகளைப் பொறுப்பேற்றலும் அதன் பணிகள். நிதியின்றித் தத்தளித்த நகரின் சிம்பனி இசைக்குழுவைக் காப்பாற்ற 1935 இல் வாக்காளரே முன்வந்து, சொத்து வரியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினர். அது பாராட்டத்தக்கதே. பொருளாதார மந்தத்தால் வேலையிழந்தோர் நிறைந்த நகரம் இசைக்காக வரி செலுத்த இசைந்தது சிறிய செய்தியன்று. ஆயினும் அந்த மண்டபத்துள் எவர் அமர்ந்தனர் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

அதற்கு முந்திய ஆண்டில் நடந்தது வேறு கதை. 1934 இல், ஐக்கிய அமெரிக்க அரசின் நிவாரணத் திட்டமொன்றின் கீழ், கோயிற் கோபுரம் எனப்படும் புதிய கோபுரத்தின் உட்சுவர்களில் இருபத்தைந்துக்கு மேற்பட்ட ஓவியர் கூலி பெற்று வேலை செய்தனர். (பெயர் கண்டு மயங்க வேண்டாம், கோயிற் என்பது கோபுரத்துக்குப் பணம் விட்டுச் சென்ற சீமாட்டியின் பெயர்.) பேர்னாட் சாக்கைம் தீட்டிய நூலகக் காட்சியில் ஒருவன் ஒரு கையாற் செய்தித்தாளைக் கசக்கிக்கொண்டு மறு கையால் மார்க்சின் ‘மூலதன’த்தை எட்டி எடுக்கின்றான். அதே ஆண்டு யூலை 5 ஆம் நாள் துறைமுக வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் குண்டுக்கு இருவர் பலியாயினர். கோபுரத்தின் கதவுகள் பூட்டப்பட்டன. கிளிபர்ட் வைட் வரைந்திருந்த அரிவாளும் சுத்தியலும் அழிக்கப்பட்ட பின்னரே, ஒக்டோபரில், மக்கள் உள்ளே விடப்பட்டனர். சாக்கைமின் மனிதன் மாத்திரம் தப்பினான். இன்றும் கையை நீட்டியபடியே நிற்கின்றான். கூலி கொடுத்தவன் கோட்டையும் அழிப்பான் என்பதை நகரம் அன்றே கற்றுக்கொண்டது. கலைஞருக்குக் கூலி கிடைத்தால் அவர்கள் என்ன தீட்டுவர் என்பதையும் அது அன்றே கற்றுக்கொண்டது.

1969 இல் நகரம் ஒரு சட்டம் இயற்றியது. பொதுக் கட்டிடம் ஒன்று எழும்போது அதன் கட்டுமானச் செலவில் நூற்றுக்கு இரண்டு கலைக்காக ஒதுக்கப்பட வேண்டும். இத்தகைய விதியை அமெரிக்காவில் முதலிற் கொண்டுவந்தது 1959 இல் பிலடெல்பியா. அங்கே நூற்றுக்கு ஒன்று. ஒரு கோடி டொலரில் ஒரு மருத்துவமனை கட்டினால் இரண்டு இலட்சம் டொலர் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் சேரும். நோயாளி மாத்திரமே காணும் நடையிலே நல்ல ஓவியம் ஒன்று இருப்பதை எவர் வெறுப்பர்? இவ்விதியின் நன்மை வெளிப்படை. அதன் குறையோ ஆழ்ந்து நோக்கினால்தான் புலப்படும். பணம் கட்டிடத்தைத் தொடர்ந்தே செல்கின்றது. கட்டிடம் எங்கே எழுகின்றதோ அங்கே கலையும் எழும். பெருங்கட்டுமானம் ஓயாது நடக்கும் விமான நிலையத்தில் ஓவியமும் சிற்பமும் ஏராளம். புதுக் கட்டிடம் எதனையும் காணாத ஏழைக் குடியிருப்பில் இல்லை. மேலும், சுவரில் ஒட்டக்கூடிய கலைக்கே இவ்விதி உதவும். நாடகக்காரனையும் ஆடுபவளையும் பாடுபவனையும் எந்தச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவது?

நாடகக்காரன் அந்நகரிற் பெற்ற வரவேற்பை அறிய 1965 க்குச் செல்ல வேண்டும். சன் பிரான்சிஸ்கோ மைம் ட்றூப் என்பது 1959 இல் ஆர். ஜி. டேவிஸ் தொடங்கிய குழு. பெயரில் மைம் இருப்பினும் வாய்பேசா நாடகம் அவர்களது தொழிலன்று. இத்தாலிய வீதி நாடக மரபைத் தழுவி, பூங்காவில் மேடையிட்டு, டிக்கற் இன்றி அங்கதம் ஆடினர். 1965 இல் ஜோர்டானோ புருனோவின் நாடகமொன்றைத் தழுவி அவர்கள் ஆடியபோது, அது ஆபாசம் எனக் கூறிப் பூங்கா ஆணைக்குழு அநுமதியைப் பறித்தது. ஓகஸ்ற் 7 ஆம் நாள் லாபயெற் பூங்காவில் மக்கள் முன்னிலையில் டேவிஸ் கைதுசெய்யப்பட்டார். கைதுசெய்தோர் கலை ஆணைக்குழுவினர் அல்லர் என்பது உண்மை. எனினும், ஒரே நகரத்தின் ஒரு கை கலைக்குப் பொன்னாடை போர்த்த, மறு கை கலைஞனுக்கு விலங்கு பூட்டியதை எவ்வாறு பிரித்துக் காண்பது? பின்னர், நாடகத்தின் உள்ளடக்கத்தைக் காட்டி அநுமதியை மறுக்கவியலாது என்பது நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்டது. அத்தீர்ப்பு எந்த மானியத்திலும் பெரியது என்பது என் கருத்து. பணமின்றியும் அக்குழு வாழ்ந்தது. பூங்கா இன்றேல் வாழ்ந்திராது.

1966 செப்டெம்பரில் ஹண்டர்ஸ் பொயின்ற் பகுதியில் பதினாறு வயதுக் கறுப்பின இளைஞன் பொலிஸாராற் சுட்டுக் கொல்லப்பட, அங்கே பெருங் கிளர்ச்சி எழுந்தது. அடுத்த ஆண்டு கலை ஆணைக்குழு சுற்றுப்புறக் கலைத் திட்டத்தைத் தொடங்கியது. கிளர்ச்சியின் சூட்டைத் தணிக்கும் குளிர்நீர் என்று இதனைச் சொல்வோர் உளர். அவ்வாறே இருக்கட்டும், குளிர்நீர் கொண்டு பயிர் வளர்த்தவர்களும் அங்கிருந்தனர். பெருமன்றங்களுக்கு வெளியே, மிஷன் பகுதியின் ஸ்பானிய மொழி பேசுவோரும் கறுப்பின மக்களும் சீனரும் தத்தம் வீதிகளில் விழா நடத்த அத்திட்டம் துணை நின்றது. நாளடைவில் அவ்வியக்கத்திலிருந்து கலாசார நிலையங்கள் தோன்றின. கட்டிடம் நகரத்தின் உடைமை. நிருவாகம் அப்பகுதி மக்களின் அமைப்பிடம். கூரை ஒன்றைக் கொடுத்துவிட்டு அதனடியில் என்ன ஆடவேண்டும் என்று கேளாதிருத்தல், நான் அறிந்த ஆதரவு முறைகளில் நேர்மையானது.

அதனிலும் துணிவான செயல் 1974 இல் நிகழ்ந்தது. வேலையற்றோருக்குத் தொழில் கொடுக்க நிக்சன் அரசு 1973 இறுதியில் இயற்றிய சட்டத்தின் பணத்தைக் கலைஞருக்கும் செலவிடலாம் என்று சன் பிரான்சிஸ்கோவிலே சிலர் கண்டனர். கலைஞன் மேதை என்பதற்காகவோ, அவனது படைப்பு அழகானது என்பதற்காகவோ அன்று. அவன் வேலையற்ற தொழிலாளி என்பதற்காகவே சம்பளம் பெற்றான்! ஓவியர், நடிகர், கவிஞர் எனப் பலர் பாடசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பணிபுரிந்தனர். ஏனைய நகரங்களும் இதனைப் பின்பற்றின. 1980 களின் தொடக்கத்தில் றேகன் ஆட்சியில் திட்டமே அற்றுப்போயிற்று. 1969 இன் நூற்றுக்கு இரண்டோ இன்றும் நிலைத்திருக்கின்றது. கல்லுக்கு நிரந்தர நியமனம், மனிதனுக்குத் தற்காலிக நியமனம்! ஆசிரியத் தொழில் செய்யும் வாசகருக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

கல்லும் நிலைத்தே தீரும் என்பதில்லை. மாநகர மண்டபத்துக்கு அருகே 1894 இல் நிறுவப்பட்ட முன்னோடிகள் நினைவுச்சின்னத்தில் ‘ஆதி நாட்கள்’ எனும் சிலைத்தொகுதி இருந்தது. நிலத்தின் உரிமையாளனான ஆதிக்குடி மனிதன், பாதிரியார் ஒருவரின் காலடியில் விழுந்து கிடப்பதாக அது காட்டியது. ஆதிக்குடி மக்களின் எதிர்ப்புக்கு 1996 இற் கிடைத்த விடை ஒரு விளக்கப் பலகை. 2018 மார்ச்சில் கலை ஆணைக்குழு அதனை அகற்றத் தீர்மானித்தது. மேன்முறையீட்டுச் சபை தடுத்தது. அதே சபை செப்டெம்பரில் தன் முடிவை மாற்றியது. செப்டெம்பர் 14 ஆம் நாள் விடியுமுன் சிலை இறங்கியது. 2019 ஏப்பிரலில் வெறுமையான அப்பீடத்தின் மீது ஆதிக்குடி ஆண்களும் பெண்களும் குழந்தைகளும், ஏறக்குறைய நூற்றைம்பது பேர், ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டனர். ஆணைக்குழுவே அதற்கு ஏற்பாடு செய்தது. அந்நகரின் பொதுக்கலையில் எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுவது, எந்தச் சிற்பியும் செதுக்காத இந்த ஒரு நாட் காட்சியே.

1952 இற் சட்டப்படி அமைந்த நமது கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவும், பேராசிரியர் வித்தியானந்தன் தலைமையில், கூத்தையும் அண்ணாவிமாரையும் நாட்டுக்கு எடுத்துக்காட்டியது. அண்ணாவிக்குப் பொன்னாடையும் பட்டமும் கிடைத்தன. மாதச் சம்பளம் என்ற பேச்சு எழுந்ததாக நான் கேட்டதில்லை.

சன் பிரான்சிஸ்கோவில் 2018 நவம்பரில் வாக்காளர் மீண்டும் ஒரு முறை தீர்ப்பளித்தனர். ஹோட்டல் அறைகளின் மீதுள்ள நூற்றுக்குப் பதினான்கு வரியில் ஒன்றரையைக் கலை, கலாசாரப் பணிகளுக்கு ஒதுக்கும் பிரேரணை, மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வாக்குகளால் நிறைவேறியது. பதினாறு மாதங்கள் கழிந்தன. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் வந்தது. ஹோட்டல் அறைகள் வெறுமையாயின. கலைஞனின் அடுப்பு எந்தப் பயணியின் படுக்கையோடு கட்டப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.