குலேபகாவலி: மலர் போய் வைரம் வந்த கதை

ஓசூர்ப் பகுதியின் பசுமைக்குடில்களில் விளையும் ரோஜாக்கள் கடல் கடந்து செல்கின்றன. அவ்வூர்க் கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், தக்கனி உருது ஆகிய நான்கும் ஒலிக்கக் கேட்கலாம். பாரசீகத்தில் 'குல்' எனில் மலர், சிறப்பாக ரோஜா. அச்சொல்லைத் தலைப்பில் தாங்கிய குலேபகாவலியை இவ்வெல்லைப்புற மக்கள் 1955இல் டி.ஆர்.ராமண்ணாவின் இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்த தமிழ்ப் படமாகவும், 1962இல் என்.டி.ராமாராவ் நடித்த தெலுங்குப் படமாகவும் அறிவர். 2018 சனவரியில் கல்யாண் இயக்கத்தில் பிரபுதேவாவும் ஹன்சிகாவும் நடித்து அதே பெயரில் ஒரு படம் வந்தபோது, பழங்கதையின் மறுபிறப்பை நாம் எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

வங்காளத்து இஸ்ஸத்துல்லாஹ் 1722இல் பாரசீக உரைநடையில் எழுதியது இக்கதை. பின்னர் நிஹால் சந்த் லாகோரி இதனை உருதுவாக்கினார். 1838இல் தயாசங்கர் நசீம் என்னும் காஷ்மீரப் பண்டிதர் மஸ்னவியாகப் பாடினார். முஸ்லிம் ஒருவர் எழுதிய கதையில் இந்திரசபை வருகிறது. இந்துக் கவிஞர் அதனை உருதுவில் பாடுகிறார். இன்று இதனை நினைவூட்ட வேண்டியிருப்பதே வருத்தத்திற்குரியது.

கதையின் உயிர் எங்கே உள்ளது? மகனைக் கண்டால் மன்னன் பார்வை இழப்பான் என்பது சோதிடம். கண்டான், இழந்தான். பகாவலி என்னும் பரியின் தோட்டத்து மலரே அதற்கு மருந்து. மூத்த நால்வரும் பூனையையும் எலியையும் வைத்துச் சூதாடும் ஒருத்தியிடம் தோற்று அடிமைகளாகின்றனர். இளையவன் கீரியொன்றைப் பழக்கிக் கொண்டுபோய் அவளை வெல்கிறான். தன்னால் இருண்ட கண்ணைத் தானே ஒளிபெறச் செய்யும் இம்மகனைக் காணும்போது, சட்டை முகத்தில் பட்டதும் பார்வை மீண்ட யஃகூப் நபியின் வரலாறு நம் நெஞ்சில் எழாமற் போகாது. கிஸ்ஸாவை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த சமுதாயம் நம்முடையது.

1955ஆம் ஆண்டுப் படம் புலிச் சண்டைக்கும் பாட்டுக்கும் நிறைய இடம் தந்தது. எனினும் தந்தையின் கண்ணை மறக்கவில்லை. புதிய படத்திலோ குலேபகாவலி ஓர் ஊரின் பெயர். அங்கே புதைக்கப்பட்ட வைரப் பெட்டியைத் தேடி ஒருவரையொருவர் ஏய்க்கும் சிலர் விரைகின்றனர். துரத்தலும் நகைச்சுவையும் உண்டு. கார் திருடும் எத்தியாக ரேவதி வெகு இயல்பாக நடித்துப் படத்தைத் தூக்கி நிறுத்துகிறார். ஆனால் அப்பெட்டி எவர் நோய்க்கும் மருந்தன்று. வைரத்திற்குப் பதில் பணமோ சிலையோ இருந்தாலும் திரைக்கதையில் ஒரு காட்சியும் மாறாது. மலரை மாற்றினால் பழங்கதை நில்லாது.

பழைய நாயகனும் திருடியவன்தானே என்று கேட்கலாம். ஆம், திருடினான். ஆனால் அக்கதை களவோடு முடியவில்லை. மலரைப் பறிகொடுத்த பகாவலி ஆண் வேடத்தில் புறப்பட்டு, கள்வனின் தந்தையது அரசவையிலேயே அமைச்சராக அமர்ந்து காத்திருக்கிறாள். பறிகொடுத்தவள் தேடி வரும் அப்பகுதிதான் இன்றைய திகிற்படத்திற்கு ஏற்ற கரு. அதனை இன்னும் ஒருவரும் எடுக்கவில்லையே என்பதுதான் நம் குறை.