இரவைச் சொல்லாத ஷுக்ர்

கண்டியிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் அண்மைக் காலத்தில் வெளிவந்த நம்மவர்களின் கவிதை நூல்கள் சிலவற்றை ஒருசேர வாசிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. சில, வெளியீட்டு விழாக்களில் வாங்கியவை. சில, முன்னுரை கேட்டு என்னிடம் தரப்பட்ட கையெழுத்துப் பிரதிகள். எதைத் திறந்தாலும் மூன்று அறிவுரைகள் திரும்பத் திரும்ப வருகின்றன: நன்றி செலுத்து, பொறுமை கொள், நாளை விடியும்.

இவற்றில் பிழை காண்பது எளிதல்ல. ஷுக்ரும் ஸப்ரும் நம் ஈமானோடு கலந்தவை. ஆனாலும் உண்மையைச் சொன்னால், அந்தக் கவிதைகளை வாசித்து முடித்தபோது எனக்குள் மகிழ்ச்சியோ நம்பிக்கையோ பிறக்கவில்லை. நன்றியைப் பற்றிய கவிதை நன்றியுணர்வைத் தராமல் போவது ஏன்? இக்கட்டுரையின் கேள்வி இதுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போகத் தேவையில்லை. கண்டி ஹல்லொலுவ வீதியில் ஒராபி பாஷா வாழ்ந்த வீடு இன்று நூதனசாலையாக இருக்கிறது. ஆங்கிலேயரிடம் தோற்ற எகிப்தியத் தலைவர்கள் 1883 ஜனவரியில் கொழும்பில் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள் என்பதும், ஒராபி பாஷா 1901 வரை இந்நாட்டில் இருந்தார் என்பதும் நாம் அறிந்தவை. அவரோடு வந்த மஹ்மூத் ஸாமி அல்பாரூதியை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. 1882இல் எகிப்தின் பிரதமராக இருந்தவர் அவர். நவீன அரபுக் கவிதையின் மறுமலர்ச்சி அவரிலிருந்தே தொடங்குவதாக அரபு இலக்கிய வரலாறு எழுதுவோர் சொல்வார்கள். கொழும்பில் சில வருடங்கள், பிறகு கண்டியில் என்று ஏறக்குறைய 17 வருடங்களை அவர் இங்கே கழித்தார்.

சரந்தீபில் அவர் பாடிய கவிதைகளில் ஒன்று, எகிப்தில் விட்டுவந்த சின்ன மகள் ஸமீராவைக் கனவில் கண்டது பற்றியது. இருளையும் கடலையும் வழிகாட்டி எவருமின்றித் தாண்டி, மகளின் உருவம் தந்தையிடம் வருகிறது. கொஞ்ச நேரம் தங்குகிறது, போய்விடுகிறது. அது மனதின் நினைவு காட்டும் தோற்றமே என்பது கவிஞருக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வருகையைக் கொண்டாடுகிறார். நாடுகடத்தப்பட்ட ஒருவருக்குக் கிடைத்த மகிழ்ச்சி அவ்வளவுதான். அவ்வளவையும் அவர் விடாமல் பற்றிக்கொள்கிறார்.

அதே கவிதையில் பொறுமையும் வருகிறது. நம்முடைய கவிஞர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தமக்கு நேர்ந்ததை விருப்பமில்லாமலேயே பொறுத்துக்கொண்டதாக அவர் ஒப்புக்கொள்கிறார். வேறு வழியில்லாதவன் பொறுத்துத்தான் ஆக வேண்டும் என்கிறார். கையாலாகாத நிலையில் காட்டும் பொறுமை, ஆற்றல் இருக்கும்போது காட்டும் பொறுமையைப் போல மெச்சத்தக்கதல்ல என்றும் சொல்கிறார். எல்லோரும் ஒருநாள் அல்லாஹ்விடம் மீள்பவர்களே என்ற ஆறுதலும் கவிதையில் உண்டு. இவ்வளவு நேர்மைக்கு நடுவே வருவதனால் அந்த ஆறுதலை நாம் நம்புகிறோம்.

நம் கவிதைகளில் விடியல் நேராக வந்துவிடுகிறது. இரவு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

இதை வெறும் அழகியல் குறையாக நான் பார்க்கவில்லை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் நடந்தவற்றை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்ட அந்த வாரத்தில் என் மாமா ஒருவரின் சில்லறைக் கடையும் எரிந்தது. சில மாதங்கள் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். போன கையோடு நானும் எல்லோரையும் போல ஷுக்ரைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். மாமா சிரித்தார்.

"எல்லாரும் ஷுக்ர் செய்யச் சொல்றாங்க மகன். நான் செய்யாமயா ஈக்கிறன்? ஆனா அண்டைக்கி ராவு எப்பிடிப் போனதுண்டு ஒருத்தரும் கேக்கல்ல."

அன்றைக்கு நான் கேட்டேன். அவர் சொன்னார். ஓரிடத்தில் நிறுத்தி இன்னொன்றும் சொன்னார். கடையைத் திரும்பத் திறந்த வாரத்தில் அயலிலுள்ள சிங்கள மூதாட்டி ஒருவர் வந்து, தாம் கடனாக வாங்கிய அரிசிக்கும் பருப்புக்கும் காசு வைத்தாராம். "கணக்குக் கொப்பி எரிஞ்சிட்டு மகன். அவ மறந்த மாதிரி ஈந்தா எனக்குத் தெரியவே தெரியாது. அந்தக் காச எடுத்துக்கிட்டு உள்ளுக்குப் போய் அழுதன். அதுதான் ஷுக்ர் எண்டு நினைக்கிறன்."

எரிந்த கொப்பியைச் சொல்லாமல் அந்தக் காசைச் சொல்ல முடியாது. இரவைச் சொல்லாத ஷுக்ரில் எது குறைகிறது என்பதை மாமாவின் அந்த வார்த்தைகளில்தான் நான் விளங்கிக்கொண்டேன். துன்பத்தைத் தவிர்த்துவிட்டு நன்றியை மட்டும் எழுதும் கவிதை, கேட்பவரின் வாயை மெல்ல மூடிவிடுகிறது. பட்டவர் இனிப் பேசினால் நன்றி கெட்டவர் ஆகிவிடுவார். யஃகூப் நபி அவர்கள் மகனை நினைத்து அழுது கண்கள் வெளுத்ததைக் குர்ஆன் மறைக்கவில்லை. அழகிய பொறுமையைப் பற்றிப் பேசியவரும் அவர்தாம்.

ஆறுதல் தருவது கவிதையின் வேலையல்ல என்று நான் வாதிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். வீட்டில் நோயாளி படுத்திருக்கும்போது உம்மாமார் புர்தா ஓதி ஆறுதல் கண்ட சமூகம் நம்முடையது. அல்பாரூதியும் அந்த ஆறுதலைத் தேடியவர்தான். இமாம் பூஸிரியின் புர்தாவின் யாப்பிலும் இயைபிலும் அவர் பாடிய 447 அடிகள் கொண்ட நபிபுகழுக்கு, துயர் நீக்கம் என்ற பொருள்பட 'கஷ்ஃபுல் ஃகும்மா' என்றுதான் பெயர் வைத்தார். துயரை நீக்கக் கேட்பவர் முதலில் துயர் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்.

இனி, கண்டியின் சொந்த மண்ணுக்கு வருவோம். அறிஞர் சித்திலெப்பை 1838இல் இந்நகரில் பிறந்தவர். அல்பாரூதிக்கு ஏறக்குறைய சம வயதினர். அவருடைய 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. ஈழத்துத் தமிழ் நாவல்களின் வரிசை அங்கிருந்தே தொடங்குகிறது. அதன் கதையை நினைத்துப் பாருங்கள். எகிப்தில் ஒரு பாஷாவின் மகன் குழந்தையாக இருக்கும்போதே கடத்தப்படுகிறான். இந்தியாவில் வளர்கிறான். இறுதியில் எகிப்துக்கு மீண்டு பெற்றோரோடு சேருகிறான். எகிப்தியத் தந்தை ஒருவர் மகளைக் கனவில் மட்டும் கண்டுகொண்டிருந்த அதே தீவில், பிரிந்த பிள்ளை வீடு திரும்பும் கதையை நம்மவர் ஒருவர் எழுதினார். ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டது என்பது என் வாதமல்ல. பிரிவின் தூரத்தை முழுமையாகக் காட்டியபின் வருவதால்தான் 'அசன்பே'யின் மகிழ்ச்சியான முடிவும் நிற்கிறது. நாவலின் நீண்ட பயணங்களை அலுப்பு என்று சொல்வோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

சித்திலெப்பை நம்பிக்கையைப் பற்றி எழுதியதோடு நிற்கவும் இல்லை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கெனப் பாடசாலை அமைத்தார். அங்கு கற்பிக்கத் தம் சகோதரியே முன்வந்தார். தாவூத் நபியின் குடும்பத்தாரிடம் நன்றியைச் செயலாகச் செய்யும்படி குர்ஆன் கேட்கிறது. இரவுத் தொழுகையில் கால்கள் வீங்க நின்ற நபிகளார், நான் நன்றியுள்ள அடியானாக இருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். நன்றிக்கு உடம்பும் உழைப்பும் உண்டு என்பதே இரண்டிலும் உள்ள பாடம்.

தெல்தோட்டைப் பக்கத்துப் போப்பிட்டியில் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர் (1866–1918) தம் நூல்களுக்குக் 'கண்டிக் கலம்பகம்', 'கண்டி நகர்ப் பதிகம்' என்று பெயரிட்டார். அல்பாரூதிக்குச் சிறையாக இருந்த ஊர், புலவருக்குப் பாட்டுக்குரிய ஊராக இருந்தது. அவர் கையாண்ட கலம்பகம் பலவகைப் பாக்களும் உறுப்புகளும் கலந்த இலக்கிய வகை. களிப்புக்கும் அதில் ஓர் உறுப்பு உண்டு, இரங்கலுக்கும் உண்டு. ஒன்றை விட்டு மற்றதைப் பாடினால் அது கலம்பகமே ஆகாது.

நம் இளங்கவிஞர்களிடம் நான் கேட்பதும் இதைத்தான். ஷுக்ரை எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். நோன்புக் கஞ்சிக்காக முடுக்கில் பாத்திரத்தோடு நிற்கும் பிள்ளைகளை எழுதுங்கள். கடனை நினைவில் வைத்து வந்த மூதாட்டியை எழுதுங்கள். ஆனால் எரிந்த கொப்பியையும் சேர்த்து எழுதுங்கள். மாமாவைப் போன்றவர்கள் உங்கள் நூலை வாசித்தால், அன்று ராவு எப்படிப் போனது என்று ஒருவராவது கேட்டார் என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும்.