எண்ணூரும் "மரபணுவையே மாத்திடும்" என்ற வரியும்

எண்ணூர் மாசு பற்றிய பேச்சில் அடிக்கடி காதில் விழும் வரி இது: "இந்த விஷம் மரபணுவையே மாத்திடும்." அக்கறையில் சொல்வதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்க்க ஈஸ்ட் உதவும். ஆமாங்க, பேக்கரியில் பன்னை உப்ப வைக்கிற அதே ஈஸ்ட்.

முதலாவது, சேதம் வேறு, மாற்றம் வேறு. 1988இல் வைனர்ட்டும் ஹார்ட்வெல்லும் ஈஸ்ட் மேல் எக்ஸ்ரே பாய்ச்சினார்கள். சாதாரண ஈஸ்ட் பிரிவதை நிறுத்தி, டிஎன்ஏவைப் பழுதுபார்த்து, பிறகு பிரிந்தது. ராட்9 மரபணு கெட்டுப்போன ஈஸ்ட் நிற்காமல் பிரிந்து செத்தது. அதையே ஒரு மருந்தால் சில மணி நேரம் நிறுத்தி வைத்தபோது நிறைய செல்கள் பிழைத்தன. பழுதுபார்க்கும் கருவிகள் நன்றாகவே இருந்தன. இல்லாமல் போனது அவகாசம்தான். சரிசெய்வதற்குள் டிஎன்ஏ நகலாகிவிட்டால் பிழை நிரந்தரமாகலாம். அதுதான் மாற்றம்.

மூன்றாவது விஷயம், எழுத்தே மாறாமல் நடப்பது. ஈஸ்டில் சிர் புரதங்கள் சில மரபணுக்களை வாயடைத்து வைத்திருக்கின்றன. டிஎன்ஏ உடைந்தால் அவை குரோமோசோம் நுனியை விட்டு உடைந்த இடத்துக்குப் போகின்றன என்று 1999இல் காட்டினார்கள். காவல் போனதும், அடங்கிக் கிடந்த மரபணு பேச ஆரம்பித்துவிடும்.

இப்போது எண்ணூருக்கு வருவோம். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் கசிந்த அம்மோனியா கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் தாக்குவது. அதற்கு மரபணுவை இழுக்கத் தேவையே இல்லை, மூச்சுத்திணறல் போதாதா? 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகம் அருகே கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயும், மிக்ஜாம் வெள்ளத்தோடு முகத்துவாரத்துக்கு வந்த எண்ணெயும் வேறு கதை. எண்ணெயில் இருக்கக்கூடிய பென்சோபைரீன் போன்றவை, உடம்பின் நொதிகள் உருமாற்றிய பிறகு, டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும். அந்த உருமாற்றத்தை ஈஸ்ட் சரியாகச் செய்யாது; சோதனைக்காக மனித மரபணுவை அதற்குள் வைக்கிறார்கள். ஆக, ஈஸ்ட் பாடத்தை அப்படியே மீனவர் உடம்பில் ஒட்டவும் முடியாது.

இதெல்லாம் வெறும் சொல் சண்டை இல்லை. "மரபணு மாறிடுச்சு" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், எதிர்த்தரப்பு "நிரூபி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். கண்ணெரிச்சலும் போன தொழிலும் அதோடு அடிபட்டுப் போகும்.

கேட்க வேண்டியது துல்லியமானது: வாளியால் எண்ணெய் அள்ளியவர்களின் சிறுநீரில் ஹைட்ராக்சிபைரீன் அளவு என்ன? அது சில நாளில் வெளியேறிவிடும். அடுத்த கசிவின்போது மருத்துவ முகாம் முதல் நாளே சிறுநீர் மாதிரி எடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வரும் குழுவுக்கு அது கிடைக்காது.