கார்டு லைனின் வலப்பக்க ஜன்னல்

மதிய நேர வைகை எக்ஸ்பிரஸ் விழுப்புரத்தை விட்டதும் பெட்டியில் பாதிப்பேர் கண்ணை மூடிவிடுகிறார்கள். விருத்தாசலம் தாண்டினால் மீதிப்பேரும் சாய்ந்துவிடுகிறார்கள். இனி ஸ்ரீரங்கம் கோபுரம் தெரியும்வரை பார்க்க ஒன்றுமில்லை என்பது இந்தத் தடத்தில் போய்வருகிறவர்கள் பலரின் தீர்ப்பு. மெயின் லைனுக்கு இருக்கிற பேர் கார்டு லைனுக்கு வாய்க்கவில்லை. அங்கே சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று கோயிலும் காபியுமாக ஊர்கள் வரும். இங்கே ஈச்சங்காடு, மாத்தூர், செந்துறை, ஒட்டக்கோவில், அரியலூர், சில்லக்குடி, கல்லகம். இந்தப் பெயர்களைக் கேட்டு யாரும் பயணப்பை எடுத்து வைப்பதில்லை. எனக்கோ தமிழ்நாட்டு ரயில் தடங்களில் இந்தத் துண்டுதான் முதலிடம். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பதை ஒரு கலையாகப் பழக நினைப்பவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

தென்னிந்திய ரயில்வே 1920களின் கடைசியில் போட்ட தடம் இது. டெல்டாவைச் சுற்றிக்கொண்டு போகும் பழைய பாதையை விட்டு, விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு நேராக ஒரு குறுக்குப் பாதை. தூரத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தவே போட்டார்கள். 1990களின் கடைசிவரை மீட்டர் கேஜ்; பிறகு அகலப்பாதை, மின்மயம், இரட்டைத் தடம். இன்று தென்மாவட்டங்களுக்குப் போகும் வேக வண்டிகளில் பெரும்பாலானவை இதில்தான் ஓடுகின்றன. வேகமாகக் கடப்பதற்காகப் போட்ட தடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும் என்பதுதான் என் பரிந்துரை. விருத்தாசலத்தில் திருச்சி பாசஞ்சரில் ஏறுங்கள். தனியாக ஏறுங்கள். கூட ஆள் இருந்தால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் ஒரு ஸ்டேஷன் போவதே தெரியாது. தடம் தென்மேற்காகப் போவதால் காலை வெயில் இடப்பக்கம் அடிக்கும். வலப்பக்க ஜன்னலில் நிழலும் உண்டு, எதிரே நிலம் வெளிச்சத்தில் தெளிவாகவும் தெரியும். சாயங்காலம் திரும்பி வரும்போது சூரியன் மறுபக்கம் போய்விடுகிறது, அப்போதும் வலப்பக்கமே நல்லது. இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாலே பாதி ரசனை வந்துவிட்டது.

ஜப்பானில் இப்படிப்பட்ட கணக்குகள் போடுகிறவர்கள் ஏராளம். ஜப்பான் ரயில் என்றதும் நமக்கு 1964 அக்டோபர் 1ஆம் தேதி ஓடத் தொடங்கிய ஷின்கான்சென் நினைவுக்கு வருகிறது. அங்கத்திய ரசிகர்கள் கொண்டாடுவதோ பெரும்பாலும் மெதுவான கிளைத் தடங்களை. ஜப்பான் கடலை ஒட்டியே போகும் கோனோ தடத்தை, அதைப்போன்ற ஆளரவம் குறைந்த பாதைகளை. மியாவாக்கி ஷுன்ஸோ என்ற பதிப்பாசிரியர் வேலை போக மிஞ்சிய நாள்களில் ரயிலேறி, தேசிய ரயில்வேயின் ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் தடத்தையும் ஒன்று விடாமல் கடந்தார். அந்த அனுபவத்தை 1978இல் புத்தகமாக்கினார். ஓர் இடத்துக்குப் போவதற்காக என்றில்லாமல் ரயிலில் இருப்பதற்காகவே ரயிலேறலாம் என்பதற்கு அந்தப் புத்தகம் ஒரு மதிப்பைக் கொடுத்தது. 1982இல் வந்த ‘செய்ஷுன் 18’ என்ற சலுகைச் சீட்டும் இந்த ரசனைக்கு உரம்போட்டது. சாதாரண வண்டிகளில் மட்டும் செல்லும் சீட்டு அது. எக்ஸ்பிரஸ் பக்கமே போகக் கூடாது. பெயரில் பதினெட்டு இருந்தாலும் எந்த வயதினரும் வாங்கலாம். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒரு முத்திரை வைத்து, பயணி தன் நோட்டில் தானே பதித்துக்கொள்ளும் வழக்கம் 1931இல் ஃபுகுயி ஸ்டேஷனில் தொடங்கியது. இவ்வளவு ஏற்பாடும் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்காக.

தனியாகப் போய்ப் பார்க்கிற வழக்கம் தமிழருக்குப் புதிதில்லை. கோட்டையூர் ஏ. கே. செட்டியார் 1930களில் டோக்கியோவில் புகைப்படக் கலை படித்தவர். பிறகு காந்தி பற்றிய படத்துக்காக ஒற்றை ஆளாய்க் கண்டம் கண்டமாக அலைந்து படச்சுருள்கள் சேர்த்தவர். அவருடைய எழுத்தில் அலங்காரம் இருக்காது. பார்த்ததைச் சொல்வார், அடுத்ததற்குப் போய்விடுவார். பயணம் எழுதுகிறவர்களில் நான் மிக மதிப்பது அந்த அடக்கத்தை. கார்டு லைனுக்கும் அப்படிப்பட்ட கண்தான் வேண்டும்.

அப்படிப் பார்த்தால் என்ன தெரியும்? பெண்ணாடம் தாண்டி வெள்ளாற்றைக் கடந்து அரியலூர் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் மண் செம்மண்ணாகிறது, முந்திரிக் காடுகள் வருகின்றன. அரியலூரை நெருங்க நெருங்கக் கரிசல். பருத்தியும் மக்காச்சோளமும். கல்லக்குடிப் பக்கம் போனால் நிலத்தின் மேல் ஒரு வெண்மை படிந்திருக்கும். இந்த நிறமாற்றத்துக்குள் இருக்கும் சங்கதிதான் இந்தத் தடத்தை உலகத்தில் அரிய ஒன்றாக ஆக்குகிறது.

இந்த வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் கடல். டைனோசர்கள் உலவிய கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் பலமுறை ஏறி இறங்கிய இடம். ஒவ்வொரு முறையும் ஓர் அடுக்கு படிந்தது. சிப்பி, நத்தை, அம்மோனைட் என்று அந்தக் கடலின் உயிர்கள் அதில் புதைந்தன. அடுக்குகள் கிழக்கே சரிந்து கிடப்பதால், மேற்கே போகப்போகப் பழைய அடுக்கு மேலே தலைகாட்டும். புவியியலாளர் எச். எஃப். பிளான்ஃபோர்டு இந்த நிலத்தை அளந்து எழுதியது 1862இல் வெளியானது. பின்னால் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இங்கே கிடைத்த புதைபடிவங்களை வகைப்படுத்தினார். அடுக்குகளுக்கு நம் கிராமங்களின் பெயர்களே நிலைத்துவிட்டன: உட்டத்தூர், காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கள்ளங்குறிச்சி, கள்ளமேடு, நின்னியூர். உலகத்தின் எந்த மூலையில் கிரெட்டேசியஸ் காலம் படிக்கிறவரும் இந்தப் பெயர்களைத் தாண்டிப் போக முடியாது.

இப்போது பாசஞ்சர் போகும் திசையைப் பாருங்கள். செந்துறைப் பக்கத்து நின்னியூர் அடுக்கு டைனோசர்கள் அழிந்த பிறகு படிந்தது, ஆறு கோடி ஆண்டுச் சங்கதி. அரியலூர் சுற்றுவட்டாரம் ஏழு கோடி. சில்லக்குடி எட்டுக் கோடியை ஒட்டி. கல்லக்குடியின் சுண்ணாம்புக்கல் பத்துக் கோடியைத் தாண்டியது. ஆங்காங்கே வண்டலும் மணற்கல்லும் மேலே மூடியிருந்தாலும் பொதுவான போக்கு இதுதான். அதாவது விருத்தாசலத்திலிருந்து திருச்சிக்குப் போகும் வண்டி காலத்தில் பின்னோக்கிப் போகிறது. திருச்சியிலிருந்து வருகிற வண்டி முன்னோக்கி வருகிறது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு நிமிஷம் நின்று, மஞ்சள் பலகையில் பெயரைக் காட்டிவிட்டு, அடுத்த கோடி ஆண்டுக்குப் புறப்படுகிறது. சில்லக்குடி என்ற பலகையைப் படிக்கும்போது அது ஒரு ஸ்டேஷனின் பெயர் மட்டுமில்லை, பூமியின் வரலாற்றில் ஓர் அத்தியாயத்தின் பெயரும்கூட என்று தெரிந்து படிப்பவருக்குக் கிடைக்கும் சிலிர்ப்பை வைகையில் தூங்குகிறவருக்கு எப்படிச் சொல்வது?

ஒருமுறை செந்துறையில் ஏறிய ஒரு மூதாட்டி, மடியில் துணிப்பையோடு எதிரே உட்கார்ந்தார்.

“எங்க எறங்குற தம்பி?”

“திருச்சி ஆயா. சும்மா பாத்துக்கிட்டே போறேன்.”

“இங்க என்ன இருக்கு பாக்க?” என்றவர், அரியலூர் வருவதற்குள் எந்தக் காடு யாருடையது, எந்த ஏரியில் எப்போது கடைசியாகத் தண்ணீர் நிரம்பி வழிந்தது, எந்த வயலில் கிணறு வெட்டும்போது சங்கும் சிப்பியுமாக வந்தது என்று ஜன்னல் கம்பிக்கு வெளியே கை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் பார்த்த அளவுக்கு நான் இன்னும் பார்க்கவில்லை.

பாசஞ்சர் என்றால் ஓரங்கட்டி நிறுத்துவார்கள். அதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுவும் விருந்து. லூப் லைனில் வண்டி நின்றதும் எஞ்சின் ஓசை அடங்கும், காக்கைச் சத்தம் மேலெழும். பக்கத்துத் தடத்தில் ஒரு கூட்ஸ் வரும். இந்தப் பகுதியில் கூட்ஸ் என்றால் பாதி சிமெண்ட்தான். 1939இல் டால்மியா தொடங்கிய ஆலை முதல், அரியலூரின் அரசு ஆலை, இன்றைய பெருநிறுவனங்கள் வரை எல்லோரும் வெட்டியெடுப்பது அந்தப் பழைய கடலின் சிப்பிகள் சேர்ந்து இறுகிய சுண்ணாம்புக்கல்லைத்தான். நம் கண்முன் அந்தக் கடல் மூட்டை மூட்டையாகக் கடந்து போகிறது. அப்போது ஸ்டேஷன் வாசலைக் கவனியுங்கள். கையில் பச்சைக்கொடியோடு ஒருவர் நின்றிருப்பார். கடைசிப் பெட்டி தாண்டும்வரை நகர மாட்டார். சக்கரத்தில் புகை வருகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. வெயிலோ மழையோ, போகிற வண்டிக்கெல்லாம் அதே நிற்றல். இதைவிடக் கண்ணியமான நிற்றலை நான் மேடைகளில் பார்த்ததில்லை.

எஞ்சினுக்குள்ளும் ஒரு கலை நடக்கிறது. லோகோ பைலட்டும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் பார்த்து, அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள், கையையும் நீட்டுகிறார்கள். ஜப்பானில் வெள்ளைக் கையுறை போட்ட ஓட்டுநர்கள் விரல் நீட்டி உரக்கச் சொல்வதைப் படம் பிடிக்கவே வெளிநாட்டவர் கூடுகிறார்கள். நீராவி எஞ்சின் காலத்திலேயே அங்கே வேரூன்றிய பழக்கம் அது. அந்நாட்டு ரயில்வே ஆய்வு நிறுவனம் 1994இல் செய்த சோதனையில், இப்படிச் சுட்டிச் சொன்னபோது தவறுகள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்தன. அதே ஒழுக்கம் நம் கார்டு லைனிலும் ஒவ்வொரு சிக்னலிலும் நடக்கிறது. நம்மில் யாரும் அதைப் போய்ப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே மருதையாறு. வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். பச்சைமலைப் பக்கத்து மழை ஒரே ராத்திரியில் வந்து சேர்ந்தால் அதன் முகமே வேறு. 1956 நவம்பர் 23 விடிகாலை, வெள்ளம் பாலத்தை அரித்துவிட்டிருந்த இடத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பாலத்தின் மேல் சக்கரச் சத்தம் மாறும்போது நான் பேச்சையும் படிப்பையும் நிறுத்திவிடுவேன். அதே கணம் இன்னொன்றையும் நினைப்பேன். தினமும் தன் எல்லைக்குட்பட்ட தண்டவாளத்தைக் கால்நடையாகவே பார்த்து, தளர்ந்த கிளிப்பைச் சுத்தியால் அடித்து இறுக்கிப் போகும் கீமேனை. அடைமழை ராத்திரியில் விளக்கோடு பாலம் பாலமாக நடந்து, தூணில் வரைந்த அபாயக்கோட்டுக்குத் தண்ணீர் ஏறிவிட்டதா என்று பார்க்கும் ரோந்துக்காரரை. ஜன்னலோர இன்பம் முழுதும் அந்தக் கால்களின் மேல் நிற்கிறது. அதைத் தெரிந்துகொண்டு ரசிப்பதுதான் ரசனை.

கல்லக்குடியில் பெயர்ப்பலகையைப் படிக்காமல் விடக் கூடாது. டால்மியாபுரம் என்றிருந்த ஸ்டேஷன் பெயரை மாற்றக் கோரி 1953 ஜூலை 15 அன்று மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்த இடம். இன்று பலகை கல்லக்குடி பழங்காநத்தம் என்கிறது. புள்ளம்பாடி தாண்டினால் வாய்க்கால்கள், லால்குடியில் நெல். கண் பழுப்பிலிருந்து பச்சைக்குத் தாவுகிறது. அதற்குப் பிறகு கொள்ளிடம், காவிரி. அவற்றுக்கு என் சிபாரிசு தேவையில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் ஜப்பானைப் பார்த்து ஏங்குகிறேன். 1885இல் உட்ஸுனோமியா ஸ்டேஷனில் சோற்றுருண்டையோடு தொடங்கியது என்று சொல்லப்படும் ரயில்சாப்பாடு அங்கே ஊருக்கு ஊர் தனி ருசியாக வளர்ந்துவிட்டது. யோகோகாவாவில் 1958 முதல் சின்ன மண்சட்டியிலேயே சோறு விற்கிறார்கள். சட்டியை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நம்மிடம் மணப்பாறைக்கு முறுக்கு இருக்கிறது. செந்துறை முந்திரியும் பெரம்பலூர்ச் சின்ன வெங்காயமும் விளையும் பூமியில், அரியலூர் பிளாட்பாரத்துக்கென்று ஒரு பொட்டலம் பிறந்திருக்க வேண்டும். சின்ன வெங்காயம் வதக்கிப் போட்ட கம்பஞ்சோறும் ஒரு கைப்பிடி வறுத்த முந்திரியும் வாழையிலையில் கட்டிக் கொடுத்தால் அதற்காகவே நான் இறங்கி ஏறுவேன்.

பெரம்பலூருக்கு இன்னும் ரயில் இல்லை. அரியலூரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். கடலடியில் புதைந்து கல்லாகிப்போன, 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் சாத்தனூர் மரத்தையும், காரையின் அரித்துக் கிடக்கும் செம்பழுப்புப் பள்ளங்களையும் பார்க்க அதுதான் வழி. சாத்தனூர் மரத்தைப் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் உலகுக்குச் சொன்னார். அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்கு ஒரு தடம் வேண்டும் என்று இந்தப் பக்கத்து மக்கள் வெகுகாலமாகக் கேட்டு வருகிறார்கள். வந்தால் அது மேற்கே, இன்னும் பழைய பூமிக்குள் போகும். இடப்பக்கம் தூரத்தில் காரை இருக்கும் திசை. பெரம்பலூர் தாண்டினால் வலப்பக்கம் பச்சைமலை. முதல் பாசஞ்சரில் பெரம்பலூர் வரை இடப்பக்கம் உட்கார்ந்து, அங்கே வண்டி நிற்கிற நேரத்தில் எதிர் ஜன்னலுக்கு மாறிக்கொள்வதாக இருக்கிறேன்.