பவளத் தொட்டியில் தாமிரம்: ரெசின் எவ்வளவு தூரம் உதவும்?

பவளத் தொட்டி நீரில் தாமிரம் கலந்துவிட்டால் கைக்கொள்ளப்படும் வழிகள் மூன்று: கரி போடுவது, தாமிரத்தை ஈர்க்கும் ரெசின் போடுவது, நீரை மாற்றுவது. மூன்றும் வேலை செய்யும். ஆனால் மூன்றும் பிடிப்பது நீரில் கரைந்திருக்கும் தாமிரத்தை மட்டுமே.

குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தாமிரத்தை ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை விட்டுக்கொடுக்கிறது. நீர்நிலைகளில் விடப்படும் ஆலைக் கழிவுநீருக்கான வரம்பு 3 மில்லிகிராம். கடினப் பவளங்கள் சிலவற்றின் கருவுறுதலோ 0.02 மில்லிகிராமிலேயே குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. வெண்புள்ளி நோய் கண்ட கடல் மீனுக்குத் தரும் தாமிர மருந்து 0.15 முதல் 0.20 வரை. அந்த அளவில் மீன் தேறிவிடும். இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது.

ஓசூர் போன்ற கடலில்லாத ஊரில் தொட்டி நீர் என்பது ஆழ்துளைக் கிணற்று நீரிலோ ஒகேனக்கல் குடிநீரிலோ உப்பைக் கரைத்துச் செய்வது. கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை தள்ளும்போது சந்தேகம் ஆற்றின் மேல் போவது இயல்பு. ஆனால் அந்த நுரைக்குக் காரணம் பெங்களூருப் பக்கத்துச் சாக்கடையும் சோப்பும். அதை வைத்துத் தாமிரத்தை ஊகிக்க முடியாது. தாமிரம் பல நேரம் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது: பித்தளை வால்வு, உறை வெடித்த பம்பு மோட்டார், 'சுத்த நீர்' என்று வாளியில் பிடிக்கும் ஏசி நீர். ஏசிக்குள் அந்த நீர் சொட்டுவதே செம்புக் குழாய்களின் மேல்தான். டிடிஎஸ் மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது, 0.05 மில்லிகிராம் அதன் கணக்கில் பூஜ்யம்.

நீர் மாற்றுவதன் பலன் கணக்கில் தெரியும். கால் பங்கு வீதம் நான்கு முறை மாற்றினாலும் பழைய தாமிரத்தில் 32 சதவீதம் எஞ்சும்; 200 லிட்டர் தொட்டிக்கு ஏழு கிலோ உப்பு செலவாகியிருக்கும். ரெசின் இதைவிட விரைவு. சில வகைகள் தாமிரம் ஏற ஏறக் கருநீலமாவதால், பிடித்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் நீரில் நிலைத்திருக்கும்படி வேறு சேர்மத்தோடு பிணைத்துத் தயாரித்த தாமிர மருந்துகள் ரெசினில் எளிதாக ஒட்டுவதில்லை. அங்கே கரி ஓரளவு கைகொடுக்கும்.

பெரிய குறை பாறையும் மணலும். சுண்ணாம்பாலான இவை தாமிரத்தைத் தம்மேல் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு மெல்ல விடுகின்றன. ரெசின் போட்ட மறுநாள் சோதனையில் பூஜ்யம் வரும். சில வாரங்கள் கழித்து நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிரத் தொடங்கும். கடையில் வாங்கும் சோதனைப் பெட்டிகள் பலவும் 0.05-க்குக் கீழே தெளிவாகக் காட்டாதவை. அந்தப் பூஜ்யத்தை நம்பிப் புதிய பவளம் விடுவதுதான் இம்முறையில் நடக்கும் பெரிய தவறு. கடினப் பவளங்கள் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், செத்ததற்குப் பதில் மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்துவரவும் வழியில்லை.

வால்விலிருந்தோ பம்பிலிருந்தோ கொஞ்சம் கசிந்திருந்தால், அதை அகற்றிவிட்டு ரெசினும் நீர் மாற்றமும் போதும். மருந்தளவில் தாமிரம் ஏறிய தொட்டியில் பாறையையும் மணலையும் மாற்றுவதே சிக்கனம். மீனுக்கு மருந்து தேவையானால் தனித் தொட்டியில் தர வேண்டும். உப்புக் கரைக்கும் நீர் ஆர்.ஓ.வும் அயனி நீக்கியும் கடந்து, பித்தளை படாமல் வர வேண்டும்.