இளங்கோவின் கண்ணகியும் கண்ணகி நகரும்

கண்ணகியை நாம் அவளுடைய சினத்தால் அறிந்திருக்கிறோம். 1968-ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலையும் சிலம்பேந்தி நீதி கேட்பவளாகவே அவளைக் காட்டுகிறது. பட்டிமன்றங்களில் அவள் கற்புக்கரசி. நம் திறனாய்வாளர் பலரும் வழக்குரை காதையில் வந்து நின்றுவிடுகின்றனர். அதற்கு முற்பட்ட காதைகளை வழிநடைச் செய்திகள் எனக் கருதி விரைந்து கடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஊரை விட்டுப் பெயர்ந்து வந்த கண்ணகியோ அந்தக் காதைகளில்தான் இருக்கிறாள்.

அவளது உடம்பை இளங்கோவடிகள் எத்துணை நுட்பமாகக் கவனித்திருக்கிறார்! புகாரிலிருந்து சிறிது தொலைவு வந்ததுமே களைத்துப்போய், மதுரை எங்கே என்று கேட்கிறாள். பின்னர்ப் பாதம் நொந்து கொற்றவை கோயிலில் இளைப்பாறுகிறாள். பகல் வெயிலை அவள் அடிகள் தாங்கா என்பதற்காகவே இரவில் நிலவொளியில் நடக்கிறார்கள். மதுரையை அடைந்த பின்னரும் மதிலுக்கு வெளியே புறஞ்சேரியில்தான் தங்கல்; அப்பால் ஆயர்குல மாதரியிடம் அடைக்கலம். அங்கே அடுப்படியில் காய் அரிந்து விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண்ணும் சிவந்து போகிறது. இவள் மாநாய்கனின் மகள்! கையிருப்பு காற்சிலம்பு மட்டுமே. அதனை விற்கச் செல்பவன் கணவன். விலை பேச வேண்டியதோ முன்பின் அறியாத நகரம். அவளுடைய பொருள் இழப்பையும் உடல் நலிவையும் அடிகள் பிரித்துச் சொல்லவே இல்லை.

இந்தப் பெண்ணின் பெயரைத்தான் சென்னைக்குத் தெற்கே ஒக்கியம் துரைப்பாக்கத்தில் 2000-ஆம் ஆண்டளவில் எழுந்த குடியிருப்புக்கு இட்டார்கள். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களை அங்கே குடியேற்றினர். பின்னர்ச் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் வந்தன. பெயர் வைத்தவர்கள் மனத்தில் இருந்தவள் சிலையின் கண்ணகியாகவே இருந்திருக்க வேண்டும். புறஞ்சேரிக் கண்ணகியை அவர்கள் படித்திருந்தால் அந்தப் பெயரை இடச் சற்றே தயங்கியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

மயிலாப்பூரை எடுத்துக்கொள்வோம். மாட வீதிகளிலும் மந்தைவெளியிலும் வீட்டுவேலை செய்து பிழைக்கும் பெண்ணுக்குக் கால்வாய்க் கரைக் குடிசை என்பது இருப்பிடம் மட்டுமன்று, பிழைப்பும் அதுவே. விடியலில் ஒரு வீடு, முற்பகலில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு என மூன்று வீடுகளில் அவள் வேலை பார்ப்பது நடந்து சென்று திரும்பும் தொலைவில் அவை இருப்பதனால்தான். இடையில் வந்து பிள்ளைக்குச் சோறு போடலாம். பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துவிட்டால் மூன்று வீடு ஒன்றாகச் சுருங்குகிறது. 2021 முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை; நல்ல ஏற்பாடு, மறுப்பதற்கில்லை. ஆயினும் பேருந்துக்குக் காத்து நிற்கும் பொழுதை எவரும் திருப்பித் தருவதில்லை. அந்தப் பொழுது உறக்கத்திலிருந்து பிடுங்கப்படுகிறது. இல்லையேல் காலை உணவிலிருந்து. வழியில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமலே புறப்படும் பெண்ணுக்கு நீர்க்கடுப்பு வருகிறது. மருத்துவரிடம் போனால் அன்றைய கூலி போயிற்று. போகாமலிருந்தால் நோய் முற்றுகிறது. கண்ணகி நகரிலும் அரசு சுகாதார நிலையம் உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் அது திறந்திருக்கும் பகற்பொழுதில் அவள் மயிலாப்பூரில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறாள்.

நம் இல்லங்களின் மூத்த பெண்மணிகள் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே சொல்லும் திருவல்லிக்கேணிக் கஸ்தூரிபாய் மருத்துவமனையை இங்கு நினைக்காதிருக்க முடியவில்லை. பொது மருத்துவமனைக்கு வரக் கூசிய திரைமறைவுப் பெண்களுக்காக 1885-இல் மேரி ஷார்லிப் என்னும் பெண் மருத்துவர் தொடங்கியது அது. பெண் வர இயலாத காரணத்தை முதலில் அறிந்து, அதற்கேற்ப மருத்துவத்தை அமைத்தார்கள். மயிலாப்பூர்க் கரையோரத் தாய்மாருக்கும் பேறுகாலத்தில் எட்டும் தொலைவில் இருந்தது அதுதான். குடிமாற்றத் திட்டம் தீட்டியவர்கள் சுவரையும் கூரையையும் எண்ணினார்களே அல்லாமல் இந்தத் தொலைவை எண்ணவில்லை.

குடிபெயர்வு நமக்குப் புதிய செய்தியன்று. நம் ஆண்டுக் கணக்கே ஹிஜ்ரத்திலிருந்து தொடங்குகிறது. நிறைமாதக் கர்ப்பிணியாக மக்காவிலிருந்து புறப்பட்ட அஸ்மா (ரலி) அவர்கள் குபாவில் மகனைப் பெற்றெடுத்ததும், மதீனா சேர்ந்த முஹாஜிர்கள் காய்ச்சலில் வீழ்ந்ததும் ஹதீஸ்களில் உள்ளன. அன்சாரிகளின் ஈகையை விரித்துப் பேசும் நம் சொற்பொழிவாளர்கள் அந்தக் காய்ச்சலை ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள். சிலம்பைப் படிப்பவர்களிடம் நான் காணும் அதே குறைதான் இங்கும்.

2022 ஏப்ரல் இறுதியில், மயிலாப்பூரை அடுத்த இராஜா அண்ணாமலைபுரத்தின் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாயோர வீடுகளை நீதிமன்ற ஆணைப்படி இடிக்கத் தொடங்கினர். மே மாதம் அவ்வூர் முதியவர் ஒருவர் தீக்குளித்து உயிர்நீத்தார். அதன் பின்னரே, மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே அவர்களுக்கு வீடு ஒதுக்கப்படும் என்ற அறிவிப்பு சட்டமன்றத்தில் வந்தது. அருகிலேயே இடம் தர இயலும் என்பது அந்த ஒரு வாரத்தில் தெரிந்துபோயிற்று. ஒக்கியத்துக்கும் பெரும்பாக்கத்துக்கும் முன்னரே அனுப்பப்பட்டவர்கள் அந்த அறிவிப்பை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று எழுத, நம் கதாசிரியர்களில் ஒருவராவது முன்வரலாம்.